தில்லை விதானத்தில் ஒரு கனவு

கடலூரிலிருந்து பேருந்தேறிச் சிதம்பரம் போகிறவர்களில் பலர், நடராசரைத் தரிசித்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமியம்மன் கோயில் இருக்கிறது. அதன் முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நாயக்கர் காலத்து விதான ஓவியங்கள், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மாணிக்கவாசகர் வரலாறும் அங்கே உண்டு. நான் பேச வந்தது அங்கே தீட்டியிருக்கும் தாருகாவனக் கதையைப் பற்றி.

வேள்வி ஒன்றே போதும், ஆண்டவன் எதற்கு என்றிருந்த முனிவர்களைத் தேடிச் சிவன் பிச்சாடனராக வருகிறார், திருமால் மோகினியாக வருகிறார். முனிபத்தினிகள் பிச்சைக்காரர் பின்னால் போகிறார்கள். முனிவர்கள் மோகினி பின்னால். இதைப் பட்டை பட்டையாகத் தீட்டிய விதானப் படத்தில் ஒரே ஆள் மறுபடி மறுபடி வருவார். முன்பு நடந்ததும் பின்பு நடந்ததும் அருகருகே நிற்கும். கனவும் அப்படித்தானே? 1924-இல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கை எழுதி, கலையில் கனவுக்கு இடம் கேட்டார். நம் ஓவியர்கள் யாரையும் கேட்கவில்லை.

இந்தக் கதைக்குப் பொருள் சொல்பவர்கள் ஓர் அட்டவணையை நீட்டுவார்கள். புலி என்றால் இச்சை, பாம்பு என்றால் ஆணவம், முயலகன் என்ற குள்ள அசுரன் என்றால் அறியாமை. தவறில்லை. ஆனால் விடையை முதலில் படித்துவிட்டால் படத்தைப் பார்க்கத் தோன்றாது. எது எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். மனைவியர் மயங்கிய கோபத்தில் முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து புலி, பாம்பு, முயலகன் என்று ஒவ்வொன்றாகச் சிவன் மேல் ஏவுகிறார்கள். புலி சிவன் இடுப்பில் உடையாகிறது. பாம்பு அணியாகிறது. முயலகன் காலடியில் பீடமாகிறான். கொல்ல வந்தவை எல்லாம் கோலமாக மாறுகின்றன. புலிக்குத் தனியாக ஒரு பொருள் தேட வேண்டியதில்லை. அந்த இடமாற்றத்தில்தான் பொருள் இருக்கிறது.

இந்தக் கதை இந்தக் கோயிலில் ஏன்? தாருகாவனத்து ஆடலைத் திருமால் சொல்லக் கேட்டுத்தான், ஆதிசேடன் பதஞ்சலியாகப் பிறந்து தில்லைக்கு, அதாவது இந்தச் சிதம்பரத்துக்கு, வந்து காத்திருந்தார் என்கிறது புராணம். விதானத்தில் இருப்பது முன்கதை; முயலகனை மிதித்தபடி கருவறையான சிற்சபையில் ஆடுகிற நடராசர் அதன் தொடர்ச்சி.

ஓவியத்தில் குறையும் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலின் சோழர் ஓவியத்தில் உள்ள கோட்டின் குழைவு இங்கே இல்லை. பக்கவாட்டு முகங்கள் ஒரே வார்ப்பு. இருந்தாலும் இதில் ஒரு குறும்பு இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். பத்தினிகள் மயங்கினார்கள் என்று சீறப் போகிற அதே முனிவர்கள், தாங்களும் ஒரு பெண்ணின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். மோகினி என்றால் மாயை என்று அட்டவணை சொல்லும். இந்தக் கிண்டலைச் சொல்லாது. அடுத்த முறை போகும்போது அந்தத் தாடிக்காரர்களை முதலில் பாருங்கள். மோகினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.