ஒரு எழுத்து கூடிப் போன கதை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கம்ப்யூட்டரில் வேலையைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். "நமக்கெதுக்கு டீச்சர் அது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. உங்கள் பிள்ளைகளில் பலர் நாளைக்குக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஆபீசில்தான் உட்காரப் போகிறார்கள். அதனால் சொல்கிறேன்.

முன்பெல்லாம் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் அத்தனை பெயரையும் மாதாமாதம் கையால் எழுதினார். இப்போது ஒரு தடவை அடித்தால் போதும். ஆனால் அந்த ஒரு தடவை சரியாக இருக்க வேண்டுமே! அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முன்பு வேலை பார்த்த பள்ளியில் பரிசுச் சான்றிதழ் அடிக்கும் பொறுப்பு எனக்கு. அண்ணன் தம்பி மூவர். அவர்கள் தகப்பனார் பெயர் ராஜா. பிறப்புப் பத்திரத்தில் கடைசியில் ஒரு எச் உண்டு, என் பட்டியலில் இல்லை. கண்ட்ரோல் விசையோடு எச் விசையைத் தட்டினால், ஒரு சொல்லைத் தேடி வேறு சொல்லாக மாற்றும் கட்டம் வரும். "எல்லாவற்றையும் மாற்று" என்று அழுத்தினேன். நொடியில் முடிந்தது. எனக்கு ஒரே பெருமை!

விழா முடிந்ததும் ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், பிள்ளை பேருல ஒரு எழுத்து கூடியிருக்கு. நாளைக்கு இதைக் காட்டினா ஏத்துக்குவாங்களா?" என்றார். அவர் பெயர் நாகராஜன். ராஜன், ராஜாமணி என்று 'ராஜா' எழுத்துகள் இருந்த பெயர்களிலெல்லாம் எச் புகுந்துவிட்டது. "முழுச் சொல் மட்டும்" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கிள்ளானுக்கு பஸ் ஏறி, கைக்காசு போட்டு மறுபடி அச்சடித்தேன். மிச்சம் பிடித்தது ஒரு நிமிடம், தொலைத்தது ஒரு நாள்.

இப்போது பட்டியலை முதலில் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். பிறகு "மெயில் மெர்ஜ்" முறையில் அதே பட்டியலிலிருந்து சான்றிதழ், கடிதம் எல்லாம் தானாக வந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, கண்ட்ரோலோடு சி படியெடுக்கும், வி ஒட்டும், எஸ் சேமிக்கும், எஃப் தேடித் தரும். இசட் செய்த தவற்றைத் திருப்பும். எனக்குப் பிடித்தது இதுதான். இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970களில் அமெரிக்காவின் ஸிராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். 2020இல் மறைந்தார். ஆரம்பத்தில் விரல் தடுமாறும். பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களைக் கேளுங்கள். விடியுமுன்னே, கண் மரப்பட்டையில் இருக்கும், கத்தி தானாகப் போகும். அந்தப் பழக்கந்தான் இது.

தமிழுக்கும் குறுக்குவழி உண்டு. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு விசைப்பலகை அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து உழைத்தவர். பின்னர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதில் அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். புள்ளியைக் கணினியே வைத்துவிடும். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

மின்னஞ்சலைப் பற்றி இரண்டு வார்த்தை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொருள் வரியை வெறுமையாக விடாதீர்கள். எந்த வேலை, யார் பெயர் என்று எழுதுங்கள். முதலில் சான்றிதழை இணையுங்கள், பிறகு கடிதத்தை எழுதுங்கள், முகவரியைக் கடைசியில் போடுங்கள். அரைகுறையாய்ப் போய்ச் சேராது. எல்லோருக்கும் பதில் போடும் பொத்தானை அழுத்துமுன் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அடையாளக் கார்டு படத்தைக் கேட்டவருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். நான் காலையில் ஒருமுறை, பள்ளி விட்டதும் ஒருமுறைதான் கடிதப் பெட்டியைத் திறக்கிறேன். நடுவில் உள்ள நேரம் வகுப்புக்கு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணினி அறை திறந்திருக்கும். பெற்றோரும் வரலாம். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் பிள்ளை பெயரை நீங்களே அடிக்கலாம்.