பள்ளிக்கூடத்தில் சித்திரப் படிப்பு



சித்திரம் என்றால் சோற்றுக்கு உதவாத காரியம் என்பது நம்மில் பலருடைய அபிப்பிராயம். பிள்ளை கணக்குப் போட்டால் தகப்பனுக்குப் பெருமை. அதே பிள்ளை சுவரில் மாட்டை வரைந்தால் முதுகில் அடி. அப்படி அடிக்காதவர்களும், “அது பிறவியில் வரவேண்டும், ஆண்டவன் கொடுக்கும் வரம்” என்று சொல்லிக் கையைக் கழுவி விடுகிறார்கள். எழுத்து யாருக்குப் பிறவியில் வந்தது என்று நாம் கேட்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் இன்ன ஜாதியாருக்குத்தான் வரும் என்று சொல்லி வைத்திருந்ததுதானே? எல்லோருக்கும் பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்தப் புளுகு என்னவாயிற்று? சித்திரமும் அப்படியே. ஒருவனுக்குச் சீக்கிரம் வரும், ஒருவனுக்குத் தாமதமாக வரும். கணக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளிலா வருகிறது?

சென்னையில் ஓவியக் கல்லூரி இருக்கிறதே, அதை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர். இரண்டு வருஷத்தில், 1852இல், சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. அப்புறம் 1929 வரை காத்திருந்துதான் தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்ற இந்தியர் அதன் தலைமைக்கு வர முடிந்தது. மெரினாக் கடற்கரையில் நாலு பேர் பாறையை நகர்த்துகிறார்களே, 1959இல் வைத்த அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். திருச்சிப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம் காந்தியாரை வெறும் கோடுகளால் வரைந்து பேர் பெற்றார். அவரும் அந்தக் கல்லூரியில் படித்தவரே.

நிற்க, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் சங்கதி என்ன? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் சித்திரம், தேகப் பயிற்சி, கைத்தொழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். மே மாதத்திற்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திற்கு லீவு விட்டால் உபாத்தியாயர் வயிறும் லீவு எடுத்துக்கொள்ளுமா? பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள் என்றாலும், நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியதாயிற்று.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஐந்து பாடம், 500 மார்க்கு. சித்திரத்திற்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. ஆகவே பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது சித்திர வகுப்புத்தான். கலையைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005ஆம் வருஷத்துத் தேசியப் பாடத்திட்ட வரைவு சொல்லிற்று. கடுதாசியில் இருப்பது வகுப்புக்கு வந்து சேர வேண்டாமா?

இதனால் நஷ்டம் யாருக்கு? பணக்காரன் பிள்ளைக்கு இல்லை. கட்டட நிர்மாணப் படிப்புக்கு 2006 முதல் ‘நாட்டா’ என்ற பரீட்சை வைத்தார்கள். அதில் வரையத் தெரிய வேண்டும். ஆமதாபாத்தில் 1961இல் ஏற்பட்ட தேசிய வடிவமைப்புக் கழகத்திற்கும் வரைந்து காட்டித்தான் போக வேண்டும். சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரிகளிலும் கையைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளை இதற்கெல்லாம் காசு கொடுத்துத் தனியாகப் பழகிக்கொண்டு போகிறது. கூலிக்காரன் மகளுக்கோ இப்படிப் படிப்பு இருப்பதே விண்ணப்பத் தேதி போன பிறகுதான் தெரிகிறது. கையில் திறமை இருந்தும் கதவு எங்கே என்று தெரியாமல் அவள் வெளியே நிற்கிறாள். இதற்கும் தலையெழுத்து என்று பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

2015 முதல் நாடு முழுதும் ‘கலா உத்சவ்’, 2022 முதல் நம் சர்க்கார் பள்ளிகளில் ‘கலைத் திருவிழா’ என்று போட்டிகள் வைக்கத் தொடங்கியது நல்ல காரியந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் பரிசு கொடுப்பது வேறு, வாரந்தோறும் வகுப்பு நடப்பது வேறு. விதைக்காத வயலில் அறுவடைத் திருவிழா நடத்தினால் களத்துக்கு வருவது என்ன?

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்திற்குப் போங்கள். பெண்களும் போகட்டும். நேர அட்டவணையை வாங்கிப் பாருங்கள். சித்திர வகுப்பு எந்தக் கிழமை, யார் நடத்துகிறார்கள், போன மாதம் எத்தனை தடவை நடந்தது, கடுதாசிக்கும் வர்ணத்திற்கும் வந்த பணம் எங்கே என்று கேளுங்கள். ஓவியக் கல்லூரிகளின் விண்ணப்பத் தேதியைப் பன்னிரண்டாம் வகுப்புச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பதிலை நோட்டில் குறித்துக்கொண்டு, மறு மாதமும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.