தேனில்லாப் பூ

திருமறையின் 16-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'தேனீ'. அத்தேனீயையும் ஏமாற்றும் ஒரு பூ உண்டு.

கிழக்காசியாவில் மலரும் சிம்பிடியம் ஃபுளோரிபண்டம் என்னும் ஆர்க்கிடில் தேன் கிடையாது. ஆயினும் தேனீக்கள் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. காரணம் என்ன? நம் நாட்டு அடுக்குத் தேனீயின் இனத்தைச் சேர்ந்த ஜப்பானியத் தேனீக்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, 2013-இல் இதற்கு விடை கூறியது. தேனீயின் தாடைச் சுரப்பியில் ஊறும் இரண்டு அமிலங்களை அப்பூவும் வெளியிடுகிறது. இரண்டும் கலந்த மணத்தைத் தன் கூட்டத்தாருடையது போல் நாடி வரும் தேனீ, பூவின் மகரந்தத்தை முதுகில் சுமந்துகொண்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது.

பூவுக்குக் கேள்வி கணக்கு இல்லை. படைத்தவன் வகுத்த வழியில் அது செல்கிறது. நமக்கோ மறுமையில் விசாரணை உண்டு.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சகோதரர்களே! ஷிப்ட் முடியும் அவசரத்தில், சோதித்துப் பார்க்காத பிரேக் பாகத்தின் சீட்டில் 'சரி' என்று ஒப்பமிட்டால், அதுவும் தேனில்லாப் பூவின் மணமே! தேனீ இழப்பது ஒருவேளை உணவு. அந்த ஒப்பத்தை நம்பி வாகனத்தில் ஏறும் குடும்பம் இழப்பதோ உயிர்!

நேர்மையான உழைப்பையும் ஹலாலான ஊதியத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.