சோஷியல் டீச்சர் படிப்பு



இன்று எழுத்துப் பாடம் இல்லை. உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நான் இன்டர் வரை படித்தவள். அடுத்து என்ன படிப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "கம்ப்யூட்டர் படி, சீக்கிரம் வேலை கிடைக்கும்" என்கிறார் அப்பா. நான் சோஷியல் டீச்சர் ஆக வேண்டும் என்கிறேன். "ராஜாக்கள் பிறந்த வருஷத்தை ஒப்பிக்க ஒரு படிப்பா?" என்று கேட்டார். பள்ளியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியவர்கள் நீங்கள்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் 'வெள்ளம்' என்ற சொல்லை எழுதினோம். நினைவிருக்கிறதா? எழுதி முடிப்பதற்குள் ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். 2020 அக்டோபரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றியது, எல்லாம் வந்தது. அப்போது ஓர் அம்மா கேட்டார்: "இந்த ஊரில் இதற்கு முன்பும் இப்படி வந்ததா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் சோஷியலில் நல்ல மார்க் வாங்கியவள் நான்! வெட்கமாக இருந்தது.

பிறகு தேடிப் படித்தேன். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அடித்துச் சென்றது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு புளியமரம். அதில் ஏறிய சுமார் 150 பேர் பிழைத்தார்கள். இன்று அந்த இடம் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். ஆற்று நீரை ஊருக்கு மேலேயே தடுக்க இரண்டு அணைகள் எழுந்தன. உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஹிமாயத் சாகர் 1927-இல் முடிந்தது. நாம் கண்டிப்பேட்டைத் தண்ணீர் என்கிறோமே, அது உஸ்மான் சாகர் தண்ணீர்தான். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது, ஊருக்குக் குடிநீரும் தந்தது.

அந்த அம்மா கேட்ட கேள்வியில் சரித்திரம் இருந்தது. பூகோளமும் இருந்தது. ஏரியில் வீடு கட்ட அனுமதித்தது யார் என்று கேட்டால் அரசியலும் வந்துவிடும். இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசைப்படுகிறேன்.

வழி நீளமானது. முதலில் மூன்று வருடம் பி.ஏ. படிக்க வேண்டும். பிறகு எட்செட் நுழைவுத் தேர்வு. அதன்பின் பி.எட். முன்பு அது ஒரு வருடப் படிப்பு. 2015 முதல் இரண்டு வருடம். பிறகு டெட் தேர்வு. 150 மார்க்கில் 60 மார்க் சோஷியலுக்கு. அரசுப் பள்ளி வேலை வேண்டுமானால் டி.எஸ்.சி. தேர்வும் எழுத வேண்டும். அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பகலில் தையல் கடை வேலையை என்னால் விட முடியாது. அதனால் பி.ஏ.வை அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று இருக்கிறேன். நம் ஊரில் 1982-இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதுதான். புத்தகம் வாங்கி வீட்டில் படிக்கலாம். ஆனால் பி.எட்.டுக்குத் தினமும் கல்லூரி போக வேண்டும். அந்த இரண்டு வருடம் சம்பளத்துக்கு என்ன செய்வது? இன்னும் தெரியவில்லை.

அப்பா இதுவரை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று இரவு மட்டும், "அந்தப் புளியமரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வரைபடம் கொண்டு வருகிறேன். மூசி அனந்தகிரி மலையில் பிறந்து கிருஷ்ணாவில் சேர்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்து நம் தெருவைத் தேடலாம்.