மனுவுக்கு எழுதும் பதில்

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். களவு போன பொருள், திரும்பாத கடன், தீராத நோய் என்று மனக்குறை எதுவானாலும், பேரும் ஊரும் சொல்லித் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருகிறார்கள். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதைத் திரும்பப் பெறுகிறார்கள். முறையிட்டால் கேட்க ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை நம் மக்களுக்கு அவ்வளவு ஆழமானது. அதே நம்பிக்கையோடுதான் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அந்த மனுவை வாங்கப்போகும் கை நாளை உங்களில் ஒருவருடையதாக இருக்கலாம். அந்தக் கைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அப்பாவைப் பெற்ற ஆயா, முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ‘உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையால் மேற்படி மனு பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளது’ என்று அதில் இருந்தது. தபால்காரர் படித்துக் காட்டினார். வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது ஒன்றே ஒன்று: பணம் கிடையாது. ஆயா கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஓராண்டுக்குப் பிறகு பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “வயதுச் சான்று ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் போதுமே” என்றார். போன ஓராண்டுப் பணம் போனதுதான். அதைவிட, “நம்மள வேணாம்னுட்டாங்க” என்று ஆயா சொல்லிக்கொண்டிருந்தது இன்றும் என் காதில் நிற்கிறது.

கடிதம் எழுதியவர் விதியை மீறவில்லை. கோப்புக்கு அது சரியான பதில். ஆயாவுக்கு அது பதிலே இல்லை.

அந்தக் கடிதம்தான் என்னைப் பொது நிர்வாகத்திலும், பிறகு தகவல் தொடர்பியலிலும் முதுகலை படிக்க வைத்தது. எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நிதி எந்த வழியில் வருகிறது, ஒரு கோப்பு எங்கே தேங்குகிறது என்பதை முதல் படிப்பு சொல்லிக்கொடுத்தது. படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதை முதலில் சொல்ல வேண்டும், வதந்தி எப்படி முந்திக்கொள்கிறது என்பதை இரண்டாவது படிப்பு சொல்லிக்கொடுத்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதும் அந்தப் படிப்பில் வந்த பாடம்தான்.

நம் நாட்டில் இவ்விரண்டும் தனித்தனியாகவே வளர்ந்தன. அமெரிக்கப் பேராசிரியர் பால் ஆப்பிள்பி 1953இல் இந்திய நிர்வாகம் பற்றி அறிக்கை தந்தார். மறு ஆண்டே தில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் தோன்றியது. இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965இல் வந்தது. ஆனால் அலுவலக மேசையில் இரண்டும் ஒரே வேலை. தகவல் பெறும் உரிமைக்கு இந்திய மாநிலங்களில் முதலில் சட்டம் செய்தது தமிழ்நாடு, 1997இல். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 30 நாளில் பதில் தரச் சொல்கிறது. யாரும் கேட்காமலே அலுவலகம் தன் விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. பேசுவது நிர்வாகத்தின் சட்டக் கடமையாகி 20 ஆண்டு கடந்துவிட்டது.

எப்படிப் பேசுவது என்பதும் நிர்வாக முடிவுதான். ஊருக்கு அறிவிப்புச் சொல்ல ஒரு மனிதரைத் தண்டோரா அடிக்க வைக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாமே என்றார். அறிவிப்பு ஊருக்குப் போக வேண்டும், அறிவிப்பவரின் மானமும் நிற்க வேண்டும். எழுத்தாளராகவும் இருந்த ஆட்சிப் பணி அதிகாரி அவர்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தை அடித்துப் போட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், நிவாரணத்துக்கு யாரிடம் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஒருவர், அரிசி மூட்டைக்குச் சமம்.

எனக்கு இரண்டு பட்டத்துக்கு ஐந்து ஆண்டு ஆயிற்று. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதித்தது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலும் படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகம், இதழியல் இரண்டிலும் முதுகலை நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம். சேரும் முன் இரண்டைக் கேளுங்கள்: அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? உங்கள் பல்கலைக்கழகம் இரட்டைப் பட்டத்துக்கு என்ன விதி வைத்திருக்கிறது? விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே சூளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாத்திரத்தை முதல்முறை சுட்டால் மண் இறுகும். ஆனால் நுண்துளை இருக்கும், தண்ணீர் கசியும். கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சைப் பூசி இரண்டாம் முறை சுட்டால்தான் துளை அடைபடும். கிளேஸ் பளபளப்புக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கசிவைத் தடுக்கும் காப்பு. அதே சமயம், உள்ளே மண் வேகாமல் மேலே எவ்வளவு பூசினாலும் பாத்திரம் நிற்காது. நிர்வாகப் படிப்பு முதல் சூடு என்றால், தகவல் தொடர்புப் படிப்பு அந்தக் கிளேஸ். செய்யாத வேலைக்கு அழகாக விளம்பரம் எழுதுகிறவராக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

மாணவச் செல்வங்களே, நாளை ஒரு மனுவுக்குப் பதில் எழுதும் இடத்தில் நீங்கள் உட்காரும்போது, கையெழுத்திடும் முன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தறியாத ஓர் ஆயா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிப் படியுங்கள். “இப்ப நான் என்ன செய்யணும்?” என்ற அவருடைய கேள்விக்கு அதில் விடை இருந்தால் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.