உப்பளக் கரையில் தவக்காலம்: மாநாட்டுத் தலைமை உரை



தவக்காலத் தியானத்தைப் பற்றிப் பேச, உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் மிகப் பொருத்தமான ஊர். திருநீற்றுப் புதன் எந்த ஆண்டிலும் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில்தான் வரும். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீர் பாய்ச்சி, உப்பு வாரத் தொடங்குவதும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான். சென்ற ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பலை ஆலயத்தில் நெற்றியில் பூசும் நாட்களில், அளத்துக்காரர்கள் விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளைப் பரப்பில் கண் கூசும். பாத வெடிப்பில் உவர்நீர் எரியும்.

இப்படி உழைப்பவருக்கு நோன்பு உண்டா? 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நோன்பிருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். ஆனால் 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் உடலுழைப்பாளரின் நிலையைத் தனியே ஆராய்ந்தார். வேலையைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ வழியிருந்தால் நோன்பைக் கைவிடலாகாது. வழியே இல்லையென்றால் நோன்புக் கடமை அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்துச் சொன்னார். அப்படியானால் உணவைக் குறைக்க இயலாத உழைப்பாளியின் தவக்காலம் எதில் இருக்கிறது? இம்மாநாடு தொடங்க வேண்டிய கேள்வி இதுவே.

விடையைத் தியானத்தில் தேடலாம். ஆனால் தியானம் என்றதும் கண்மூடிய மௌனமே பலருக்கும் நினைவில் எழுகிறது. அதற்கும் தமிழ் மண்ணில் வலுவான வரலாறு உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், மோன்ஷானென், அபிஷிக்தானந்தர் என அறியப்பட்ட லெ சோ என்ற இரு பிரெஞ்சு அருட்பணியாளர்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியது 1950 மார்ச் 21இல்; அது தவக்காலத்தின் நடுப்பகுதி. இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கும் கிறிஸ்தவத் தியான இயக்கத்தின் ஊற்றுக்கண்ணும் நம்மவருக்குத் தூரமானதல்ல. அதன் முன்னோடியான ஜான் மெயின், துறவியாவதற்கு முன்பு 1950களில் மலேயாவில் பணியாற்றியபோது, கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தரிடம்தான் ஒரு சொல்லை இடைவிடாது உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும் முறையைக் கற்றார். இந்த மௌன மரபைப் பற்றி நூல்கள் ஏராளம்.

தமிழ்க் கடற்கரையோ வாய்விட்டுத் தியானித்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

யாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் கோவாவிலிருந்து இலங்கை சேர்ந்தவர்; 1742இல் அங்கேயே மறைந்தார். கத்தோலிக்கருக்கு டச்சு ஆட்சி தடை விதித்திருந்த காலம் அது. கொங்கணி மண்ணில் பிறந்த அந்தத் துறவி சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ அலமாரியில் வைத்து மதிக்கப்பட்ட நூலல்ல. ஒருவர் இராகமிட்டு வாசிக்க, ஊரே கூடிக் கேட்டு உருகிய நூல். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இயேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் பசாம் வழக்கமும் அந்த வகையைச் சேர்ந்ததே. இந்தப் பக்கக் கரையில், அதே தலைமுறையைச் சேர்ந்த வீரமாமுனிவர் தாய் மரியாளின் துயரத்தை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’யாகப் பாடினார். இழவு வீட்டின் ஒப்பாரியை அறிந்த மக்களிடம் பெரிய வெள்ளி அந்தக் குரலிலேயே வந்து சேர்ந்தது.

இதை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அது தவறான கணிப்பு. ஒரே துயரக் காட்சியில் மணிக்கணக்காக மனத்தை நிறுத்தவும், ஒவ்வொரு காயத்தையும் பெயர் சொல்லி அழைக்கவும், அடுத்த ஆண்டும் அதே வரிக்கு அழவும் கடுமையான பயிற்சி வேண்டும். எழுத்தறியாதவரும் காதால் கற்றுக் காப்பாற்றிய தியானம் அது. சிலுவைப்பாதையும் இவ்வகைதான். 14 நிலைகளையும் உடல் நடந்து கடக்கிறது. நாள் முழுக்க நின்று உழைத்த கால்களும் அந்தச் செபத்தில் சேர்கின்றன.

உப்பும் தவக்காலமும் நாட்காட்டியில் சந்தித்த ஓர் ஆண்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1930இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. மார்ச் 12இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சபர்மதியை விட்டுப் புறப்பட்டபோது திருநீற்றுப் புதன் கழிந்து ஒரு வாரம். ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பள்ளியபோது தவக்காலம் முடியவில்லை. ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கிய ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. யாரும் திட்டமிட்டுச் சேர்த்த தேதிகள் அல்ல இவை. ஆயினும் அந்த ஞாயிறன்று திருச்சியின் ஆலயங்களில் என்ன பிரசங்கிக்கப்பட்டது, உப்பு என்ற சொல் அங்கே ஒலித்ததா என்பதைப் பங்குக் குறிப்பேடுகளில் தேடுவது நல்ல ஆய்வுப் பணி.

அதைவிட அவசரமான பணி வேறு. வியாகுலப் பிரசங்கத்தையும் பசாமையும் பழைய இராகத்தில் பாடத் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அச்சுப் பிரதி கிடைத்தாலும் இராகம் அதில் இருக்காது. எந்த இடத்தில் குரல் தாழும், எங்கே கூட்டம் சேர்ந்து அழும் என்பதும் இருக்காது. ஒவ்வொரு பல்கலைக்கழகத் துறையும் மறைமாவட்டமும் இந்தத் தவக்காலத்திலேயே ஒலிப்பதிவைத் தொடங்க வேண்டும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கருத்தரங்கை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் நடத்துங்கள். மழையால் அளத்தில் வேலை நின்றிருக்கும் மாதங்கள் அவை. உப்பளத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை இழக்காமல் இந்த அவைக்கு வந்து, தங்கள் செபத்தைப் பற்றித் தாங்களே பேச முடியும். அவர்களுக்குப் பயணச் செலவும் முதல் அமர்வும் ஒதுக்கப்பட வேண்டும்.