பால் தந்த மரம் பலகையும் தரும்
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மரச்சாமான் செய்வதைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பட்டை எது, கட்டை எது என்று உளி முனையாலேயே அறிபவர்கள் நாம். நமக்கில்லாத தகுதி வேறு யாருக்கு?

ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் சாய்க்கிறார்கள். முற்காலத்தில் அது புகைக்கூடத்துக்கு விறகாயிற்று. மீதி தோட்டத்திலேயே எரிந்தது. அந்தக் கட்டையில் நாமும் பெஞ்சு செய்து பார்த்தோம். ஓராண்டுக்குள் உளுத்து மாவாய் உதிர்ந்தது. உதவாத மரம் என்றோம். குற்றம் மரத்தில் இல்லை. அதன் குணம் நமக்குத் தெரியவில்லை.

ரப்பர் கட்டையில் மாச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஆகவே சாய்த்த சில நாட்களிலேயே பூசணம் பிடித்து நீலக்கறை படியும், வண்டும் துளைக்கும். உடனே அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தால் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இந்தக் கேடு வராது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையமும் இதற்கு வழிகாட்டிற்று. 1980-ஆம் ஆண்டுகளில் விறகுக்கட்டை ஏற்றுமதிச் சரக்காயிற்று. நம் ஜொகூரின் மூவார் நகரம் நாற்காலி மேசைத் தொழிலில் பேர் பெற்றது.

இத்தொழிலில் மரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அடிமரம் குட்டை, நீண்ட பலகை கிடைக்காது. ஆகவே சிறு துண்டுகளின் முனையில் பல் வெட்டி, விரல் கோத்தாற்போல் ஒட்டி, மேசைப் பலகை ஆக்குகிறார்கள். உலரும்போது முறுக்கிக்கொள்ளும், ஆகவே அடுக்கின்மேல் பாரம் ஏற்றி உலர்த்துகிறார்கள். நிறம் வெளிர், சாயம் நன்றாக ஏறும். கடைசலுக்கு இணங்குவதால் நாற்காலிக் காலுக்கு ஏற்றது. மழையும் ஈரமும் ஆகா. ஆகவே வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கே உகந்தது.

தோழர்களே! கட்டை விற்ற பணம் தோட்டத்துக்குப் போகிறது. புதுக்கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வெட்டுக்காரர் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? செம்பனை நட்டுவிட்டாலோ அந்த வெட்டு திரும்பவே வராது. அந்த மரத்தை இத்தனை ஆண்டு காயப்படுத்தாமல் சீவிக் காத்தவை நம் கைகள் அல்லவா?

ஆகவே மூன்று கேட்கிறோம். மறுநடவுக் காலத்தில் வெட்டுக்காரருக்கு வேலையும் வருமானமும் உறுதி வேண்டும். நம் பிள்ளைகள் பலகை சுமப்பவர்களாக மட்டும் நில்லாமல், அளவெடுத்து வரைந்து சாமான் செய்யும் பயிற்சி பெற வேண்டும். பட்டறையில் வாள்களுக்குக் காப்பும், தூளை உறிஞ்சும் கருவியும் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

விறகென்று தள்ளிய மரம், குணம் அறிந்தவர் கையில் மேசையாயிற்று. நம் பிள்ளைகளையும் விறகென்று தள்ள விடமாட்டோம். ஒன்றுகூடிக் கேட்போம்.